மடியில் ஒரு மரக்கட்டை

மார்ச் 3, ஞாயிறு

இன்றும் ஜீப்பின் பிரேக்கில் ஏர் எடுத்தோம். எத்தனையாவது ஞாயிறு என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

நான் டிரைவர் சீட்டில், கால் பிரேக் பெடல் மேல். அவர் பின்சக்கரத்துக்கு அருகே மல்லாந்து படுத்திருப்பார். முழங்காலுக்குக் கீழே மட்டும்தான் எனக்குப் புருஷன் தெரிவார். "அமுக்கு" என்பார், அமுக்குவேன். "பிடி" என்பார், அழுத்தியபடியே பிடித்துக்கொள்வேன். அவர் அங்கே ஒரு சின்ன நட்டைத் தளர்த்துவார். குழாயில் காற்று சிக்கியிருந்தால் பிரேக் ஆயிலோடு சேர்ந்து டியூப் வழியாகப் பாட்டிலுக்குள் குமிழ் குமிழாக இறங்கும். நட்டை இறுக்கிவிட்டு "விடு" என்பார். அதற்கு முன் நான் காலை எடுத்தால் வெளிக்காற்று உள்ளே போய்விடும், பழையபடி முதலிலிருந்து.

காலை முழுக்க இந்த மூன்று வார்த்தைதான் எங்கள் பேச்சு. கல்யாணமான புதிதில் இதைவிடக் கொஞ்சம் அதிகம் பேசினோம் என்று ஞாபகம்.

மத்தியானம் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் ஏர் இருக்கு" என்றார்.

மார்ச் 5, செவ்வாய்

லேபில் கூட்டமான கூட்டம். நின்ற இடத்திலேயே நின்று ரத்தம் எடுத்தேன். "எனக்கு நரம்பே கிடைக்காதுங்க" என்று சொல்லிக்கொண்டே உட்காருகிறவர்களுக்குத்தான் நரம்பு கயிறு மாதிரி இருக்கும். பயப்படுகிறவர்கள் காரணத்தைக் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்தால் சமையல் மேடையில் வைப்பர் மோட்டார். நகர்த்தினேன். "பாத்து, பாத்து!" என்று கூடத்திலிருந்து குரல். எனக்காக யாராவது "பாத்து" என்று சொல்லி எவ்வளவு காலம் ஆயிற்று!

மார்ச் 10, ஞாயிறு

தம்பி வந்திருந்தான். இந்த ஜீப்பை எங்கள் தலையில் கட்டியவனே அவன்தான். ஒரு கோழிப்பண்ணைக்குப் பின்னால் கிடந்த ஜீப் கூட்டை இழுத்துவந்து எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் நிறுத்தி, "மாமா கை சும்மா இருக்கக் கூடாதுக்கா" என்றான். சீட்டுக்குள் கோழி முட்டை இருந்தது, சத்தியமாக. துரு சுரண்டியது நான். தரைத்தகட்டுக்கு பெயிண்ட் அடித்தது நான். சீட் தைத்தது நான். இன்ஜினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மாட்டியது அவர். என்ன நிறம் அடிப்பது என்று ஒரு மாதம் சண்டை போட்டோம். அப்போது நன்றாகத்தான் இருந்தது.

தம்பி ஏன் இதைச் செய்தான் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் அவர் கம்பெனி வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். தம்பியும் அங்கேதான் வேலை. ஒரு இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. வேன் சுவரில் மோதியது. அவருக்கு வெறும் சிராய்ப்பு. பக்கத்தில் இருந்த தம்பிக்கு இடது கால் போயிற்று. போயிற்று என்றால், இருக்கிறது, விந்தி விந்தித்தான் நடக்கிறான். அடியில் பிரேக் குழாய் துருப்பிடித்து வெடித்துவிட்டது, ஓட்டினவர் மேல் தப்பே இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் மட்டும் சொல்லவில்லை.

அன்றோடு சரி. எந்த வண்டியிலும் ஏறுவதில்லை, பஸ்ஸில்கூட. அதே கம்பெனியின் குடோனில் சாமான் அடுக்குகிறார். நடந்தே போகிறார், நடந்தே வருகிறார். தூக்கமும் போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறார். பக்கத்தில் படுப்பவளுக்குத் தெரியாதா?

தம்பி பானட்டைத் தட்டிப் பார்த்து, "இன்ஜின் பூனை மாதிரி உறுமுது. பெயிண்ட்ல மூஞ்சி பாத்து ஷேவ் பண்ணலாம். இன்னும் என்ன மாமா?" என்று கேட்டான்.

"பிரேக் சரியில்ல" என்றார். அவன் காலைப் பார்க்காமல் சொன்னார். எப்போதும் அப்படித்தான்.

மார்ச் 14, வியாழன்

மாமியார் போன் செய்தார். வரும் இருபத்தைந்தாம் தேதி அவருக்குக் கண் ஆபரேஷன். இங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேர தூரம். மகனைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது.

"ஜீப்பு முடிஞ்சதும் அதுலயே வர்றேன்னு சொன்னான்மா. முடிஞ்சுதா?"

"முடியிற மாதிரிதான் அத்தை."

"கட்டு பிரிச்சதும் மொதல்ல அவன் மூஞ்சியப் பாக்கணும்னு ஒரு ஆசை. மத்தபடி ஒண்ணுமில்ல. நீ சாப்டியா?"

இவரிடம் சொன்னேன். "ஏர் போனதும் கிளம்பிடலாம்" என்றார். முகத்தைப் பார்த்தால் நிஜமாகத்தான் சொல்கிறார் என்று தோன்றியது.

மார்ச் 17, ஞாயிறு

அமுக்கு, பிடி, விடு. இன்னும் ஏர் இருக்கிறதாம்.

மார்ச் 24, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

காலையில் அவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. குனிய முடியவில்லை. நாளைக்கு ஆபரேஷன், இன்றைக்கு முடித்தே ஆக வேண்டும். "நீங்க பெடல்ல உக்காருங்க, நட்டை நான் பாத்துக்கிறேன்" என்றேன். வேண்டாம் வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கீழே படுத்துவிட்டேன்.

இதுவரை நான் பார்க்காத இடம் அது. டியூப், பாட்டில், அந்த நட்டு. "அமுக்குங்க" என்றேன். "பிடிங்க" என்றேன். தளர்த்தினேன். ஆயில் இறங்கியது. ஒரு குமிழ் இல்லை. மறுபடி செய்தோம். இல்லை. நான்கு சக்கரத்துக்கும் போய்ப் படுத்துப் பார்த்தேன். எங்கும் கண்ணாடி மாதிரி ஆயில். ஊசிக்குள் ஒரு குமிழ் இருந்தால்கூட விடமாட்டேன், என் பிழைப்பே அதுதான். என்னிடமா?

"வருதா?" என்றார் மேலிருந்து.

"வரல."

"நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாத்தேன். ஏரே இல்ல. எத்தன வாரமா இல்ல?"

வெளியே வந்தேன். முதுகெல்லாம் மண். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் நான் கத்தினேன். ஏங்க, வாரம் பூரா நின்னு நின்னு கால் வீங்கி வர்றேன், ஒரு ஞாயித்துக்கெழம படுக்க விட்டீங்களா? இல்லாத காத்தை எடுக்கவா என்னை உக்கார வச்சீங்க? நாளைக்கு அந்த மனுஷி கண்ணத் தொறந்து யாரைப் பாக்கும்? — எதிர்வீட்டு ரிட்டயர்ட் வாத்தியார் ஜன்னலைச் சாத்தும் அளவுக்குக் கத்தினேன்.

அவர் மெதுவாகத்தான் சொன்னார். "அன்னைக்கும் காலைல பெடல் இப்படித்தான் கல்லு மாதிரி, சரியா இருந்துச்சு. அமுக்கிப் பாத்துட்டுத்தான் வண்டிய எடுத்தேன்."

ஸ்டீயரிங்கை விடாமலே, "உன் தம்பி தூங்கிக்கிட்டிருந்தான். என்னை நம்பித் தூங்கிக்கிட்டிருந்தான்" என்றார்.

உள்ளே போய்க் கை கழுவினார். குழாய்ச் சத்தம் நிற்கவே இல்லை. என்ன சொல்வது? பெடல் கல்லாக இருந்தாலும் நம்பமாட்டேன் என்கிறவரிடம் எதைக் காட்டி நம்பவைப்பது?

மார்ச் 25, திங்கள்

லீவு போட்டுவிட்டுப் பஸ்ஸில் தனியாகப் போனேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு கண்ணில் கட்டோடு மாமியார் என் கையைத் தடவிப் பார்த்து, "அவன் வரலையா?" என்றார்.

"ஜீப் இன்னும் முடியல அத்தை. பிரேக்ல ஏர் இருக்கு."

என் வாயிலிருந்தும் அதே பொய். எவ்வளவு சுலபமாக வருகிறது!

மார்ச் 28, வியாழன்

அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருக்கிறது.

மார்ச் 31, ஞாயிறு

பீரோவிலிருந்து என் லைசன்ஸைத் தேடி எடுத்தேன். கல்யாணமான வருஷம் அவரே பழக்கி எடுத்துக் கொடுத்தது. அதிலிருக்கும் போட்டோவில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன், யாரோ மாதிரி.

தம்பியை வரச் சொன்னேன். அவன் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தான். எனக்கும் பயம்தான், கிளட்சை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்துக்கொண்டேன். "கவலப்படாதக்கா, இடிச்சாலும் எனக்கு இன்னொரு கால் இருக்கு" என்றான் தடியன்.

அவர் வாசலில் நின்று பார்த்தார். நான் சாவியைத் திருகியதும் ஷெட்டுக்குள் போய், சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் மரக்கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். ஜீப் நகர்ந்தது. அவரும் நகர்ந்தார், பின்சக்கரத்தை ஒட்டியே, எந்த நிமிஷமும் கட்டையை அடியில் போடத் தயாராக. தெருமுனை வரைக்கும் இப்படியே எங்கள் ஊர்வலம்.

எதிர்வீட்டு வாத்தியார் வெளியே வந்து, "என்னம்மா, சார் தள்ளிக்கிட்டு வர்றாரா?" என்றார்.

ஏழு நாளுக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது.

ஏப்ரல் 7, ஞாயிறு

இன்றும் கட்டையோடு கூடவே வந்தார். இரண்டாவது கியர் போட்டேன், ஓட ஆரம்பித்துவிட்டார். "வேகமாப் போகாத!" "இதுக்கு மேல மெதுவாப் போனா ஜீப்பு தூங்கிடுங்க!" நிறுத்தினேன். சட்டை நனைந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். நரைத்த தலை, கையில் கட்டை. கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் எனக்கு அசதிதான் மிஞ்சுகிறது.

ஏப்ரல் 12, வெள்ளி

ரிவர்ஸ் எடுக்கும்போது கேட்டில் இடித்து பம்பரை நெளித்துவிட்டேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சரிசெய்ய ஏதோ கிடைத்துவிட்டது. சாயங்காலம் முழுக்கத் தட்டி நிமிர்த்தினார். நான் பிடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

காலையில் சொல்லிவிட்டேன். "அடுத்த ஞாயிறு ஜீப்புல அத்தையப் பாக்கப் போறேன். நீங்க கட்டையோட பின்னாலயே நடந்து வாங்க. செவ்வாய்க்கிழமை வந்துசேந்துடுவீங்க."

அவர் சிரிக்கவில்லை. டீயைக் குடித்து முடித்தார். ஜீப்பைச் சுற்றி வந்தார். குனிந்து நான்கு சக்கரத்துக்கும் பின்னால் குழாயைத் தடவிப் பார்த்தார். பிறகு பக்கத்து சீட்டின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். இரண்டு வருஷம் கழித்து. மரக்கட்டை மடியில்.

நான் சாவியைத் திருகினேன். எதையாவது சொன்னால் இறங்கிவிடுவார் என்று பயம்.

கடைத்தெரு வரை போய் வந்தோம். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் வலது கால் தரையை அழுத்தியது. அங்கே பெடல் எது? நான் அடித்த பெயிண்ட்தான் தேய்கிறது. வாய் தானாக முணுமுணுத்தது: "அமுக்கு... பிடி... பிடி... விடு." அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் நாங்கள் பழகியது இதைத்தானே.

இறங்கும்போது சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. "பிரேக் பரவால்ல" என்றார்.

ஏப்ரல் 25, வியாழன்

லேபிலிருந்து வெளியே வந்தால் கேட்டில் நிற்கிறார். குடோனிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். "சும்மாதான்" என்றார். இருவரும் பஸ் ஸ்டாப்பைத் தாண்டி வீடுவரை நடந்தோம். என் கால் வலித்தது. சொல்லவில்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

விடிந்ததும் கிளம்பினோம். தம்பி வழியனுப்ப வந்தான். அவர் முதல் தடவையாகக் குனிந்து அவன் காலைப் பார்த்தார். "வலிக்குதாடா?" "மழைக்கு மட்டும் மாமா." அவ்வளவுதான் பேச்சு.

பாதி வழிவரை எல்லாம் வழக்கம்போல. லாரி வந்தால் "அமுக்கு". பள்ளம் வந்தால் "பிடி". மடியில் கட்டை. என் தோளெல்லாம் கல்லாகிவிட்டது. இப்படியே வாழ்நாள் முழுக்க ஒருவரைச் சுமந்துகொண்டு ஓட்ட முடியுமா என்றுகூட நினைத்தேன். நினைத்ததை மறைப்பானேன்?

மாமியார் ஊருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நீள இறக்கம் உண்டு. வேன் மோதிய அந்த இறக்கத்தைவிடச் செங்குத்து. நேற்றெல்லாம் எனக்கு அதே நினைப்புதான். மேட்டில் ஏறி முடித்ததும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன், இப்போது "அமுக்கு" வரும் என்று. வரவில்லை. ஜீப் இறங்க ஆரம்பித்தது. அப்போதும் வரவில்லை. நானாகவே அமுக்கினேன். பிடித்தது.

பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தேன். தலை கதவோரம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. இது கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பது இல்லை. நிஜத் தூக்கம். குறட்டைகூட. கட்டை மடியிலிருந்து நழுவி, காலடியில் கிடந்தது.

இறக்கம் முழுவதும் பூப்போலப் பிரேக்கை அமுக்கிக்கொண்டே வந்தேன். கண்ணீர் வந்தது. துடைக்கக் கை இல்லை.

மாமியார் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். ஜீப்பைப் பார்த்ததும் படி இறங்கி ஓடி வந்தார். நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டி, பக்கத்து சீட்டைக் காட்டினேன். இன்ஜினை நிறுத்தினால் விழித்துக்கொள்வார் என்று தோன்றியது.

மாமியார் கண்ணாடியைக் கழற்றினார். கதவோரம் சாய்ந்திருந்த மகன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "போ, போ" என்று கையை ஆட்டினார்.

ஊரை இன்னொரு சுற்று சுற்றிவரப் போனேன்.