தூக்காதே என்றால் தூக்கு என்கிறார்

என் அன்பு மனைவிக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி இப்போது எப்படி இருக்கிறது?

இங்கே லோடர் வண்டியில் ஏறியே பார்க்காத சூப்பர்வைசர் எனக்குப் பாடம் எடுக்கிறார். மண் அள்ளிய பக்கெட்டை முழங்கால் உயரத்தில் வைத்து ஓட்டினால்தான் வண்டி கவிழாது. அவரோ, "தூக்கிட்டே வாய்யா, நேரம் மிச்சம்!" என்று உயிரை வாங்குகிறார். நேற்று நச்சரிப்புத் தாங்காமல் தூக்கியபடியே திரும்பினேன். பின்சக்கரம் ஒன்று தரையை விட்டு எழும்பியது. சட்டென்று பக்கெட்டை இறக்கினேன், வண்டி நிலைகொண்டது. ஒரு கீறல்கூட இல்லை, பயப்படாதே. ஓடி வந்தவர், "இறக்கி ஓட்டத் தெரியாதாய்யா?" என்றாரே பார்!

நீ போர்த்திக்கொள்ளும் நீலப் போர்வையை அனுப்பு. துவைத்துவிடாதே, அப்படியே அனுப்பு. வேலைக்குச் சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்