லேபிளில் யார் எழுத்து?

என்னவருக்கு அன்பு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா?

பள்ளிப் பணி ஓய்வுக்குப் பின் வந்த இந்த விடுதிக் காப்பாளர் வேலையில் ஒரு குறையும் இல்லை. உங்களைப் போலவே நானும் இங்கே செம்பருத்தி சிரப் காய்ச்சினேன். ஈரப் பாட்டிலில் ஊற்றியதால் சில நாளில் புளித்துப் பொங்கி, மூடியோடு கூரை வரை தெறித்தது. "என்ன டீச்சர், கூரைக்கே சிவப்பு மையில மார்க் போட்டுட்டீங்களா?" என்று சமையல்காரம்மா சிரித்தார். நீங்களாவது பாட்டிலை நன்றாகக் காயவையுங்கள்.

நீங்கள் அனுப்பிய சிரப் பாட்டில் படத்தில், லேபிளில் 'செம்பறுத்தி' என்றிருக்கிறது. பெயரில்லாத நோட்டைக்கூட எழுத்தைப் பார்த்தே யாருடையது என்று சொன்னவள் நான். அது மாடிவீட்டம்மாவின் எழுத்துதானே? உங்களுக்குக் காய்ச்சக் கற்றுக்கொடுத்தார், சரி. என் சமையலறையில் லேபிளும் அவரா ஒட்ட வேண்டும்?

அதைக் கிழித்துவிட்டு உங்கள் கையால் எழுதுங்கள். எனக்கும் ஒரு பாட்டில் அனுப்புங்கள். நீங்கள் பிழையாக எழுதினாலும் திருத்தமாட்டேன்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

உங்கள் டீச்சரம்மா