நைனா எழுந்துகினாரா?

இன்று காலை கேண்டீன் டீயில் விறகுப் புகை மணத்தது. ஒரு வாய் குடித்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் டம்ளரை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு, "இன்னாப்பா, டீயக் கொண்டாந்து நம்ம ஃபர்னஸ்லயா காச்சினாங்க?" என்று கேட்டிருப்பாய். கேண்டீன்காரருக்குக் கோபம் வந்திருக்கும். ஆனாலும் உனக்கு மட்டும் இன்னொரு அரை டம்ளர் ஊற்றியிருப்பார்.

கேண்டீனுக்கு சிலிண்டர் வந்து இரண்டு வாரம் ஆகிறது. வளைகுடாப் பக்கம் சண்டை. கப்பல்கள் வருகிற வழி அடைபட்டுக் கிடக்கிறது. அதனால் கும்மிடிப்பூண்டியில் ஒரு கேண்டீனின் பின்பக்கம் வேலிகாத்தான் விறகு அடுக்கியிருக்கிறார்கள். உலகம் எவ்வளவு பெரியது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். எவ்வளவு சின்னது என்பதை எண்ணெய் வாங்குகிற உத்தியோகம்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

நீ இருபத்திரண்டு வருஷம் நின்று எரித்த உலை, இரும்புக் கட்டிகளைப் பழுக்கக் காய்ச்சிக் கம்பி இழுக்க அனுப்புகிற நம் உலை, ஒன்பது நாளாக ஒரு கட்டியைக்கூட உள்ளே வாங்கவில்லை. சின்னத் தீயில் சும்மா எரிந்துகொண்டிருக்கிறது. ஃபர்னஸ் ஆயில் விற்கிற விலைக்குக் கம்பி இழுத்தால் நஷ்டம். உலையை அணைத்தாலோ உள்ளே இருக்கிற செங்கல் எல்லாம் குளிர்ந்து வெடித்துவிடும், திரும்பக் கட்ட மாதங்கள் ஆகும். அதுவரை கான்ட்ராக்ட் ஆட்களிடம் "கூப்பிடறப்ப வாங்க" என்பார்கள். அப்படிச் சொல்லி அனுப்பப்பட்டு, பிறகு கூப்பிடப்பட்ட ஒருவரையும் எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது.

நேற்று முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஆயில் வாங்கறது நீங்க. அடுப்பை வைக்கலாமா, அணைக்கலாமா? நாளைக்கு சாயந்தரத்துக்குள்ள உங்க அபிப்பிராயத்தை எழுதிக் குடுங்க" என்றார். என் வேலை விலையைப் பார்ப்பது, ஆர்டர் போடுவது. அபிப்பிராயம் சொல்வது என் வேலையாக எப்போது ஆனது என்று தெரியவில்லை. அந்தக் கான்ட்ராக்ட் ஆட்களில் உன் மகளும் இருக்கிறாள்.

நான் பயந்தாங்கொள்ளி என்று உனக்கு முதல் நாளே தெரியும். கவரைப்பேட்டையில் இருவரும் ரயில் ஏறுவோம், அடுத்த ஸ்டேஷனில் இறங்குவோம். நம் மொத்தச் சிநேகிதமும் அந்த ஒரு ஸ்டேஷன் தூரத்தில் வளர்ந்ததுதான். மில்லுக்குள் நான் உனக்கு சார், ரயிலுக்குள் இன்னாப்பா. அப்போது நான் பேப்பரில் கடைசிக்கு முந்தின பக்கத்தை மட்டும் விரித்து வைத்துக்கொண்டு வருவேன். ஒரு வாரம் பார்த்துவிட்டு நீ கேட்டாய்.

"டெய்லி அத்தையே பாத்துகினு கீறியே, ஊட்ல யாருக்குனா ஒடம்பு சரியில்லியா?"

இது கச்சா எண்ணெய் விலை, இது ஏறினால் கொஞ்ச நாளில் நம் ஃபர்னஸ் ஆயில் ஏறும், அதற்கப்புறம் முதலாளி எகிறுவார் என்று விளக்கினேன். நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தாய்.

"அப்ப எங்க நைனா மாறி."

உங்கள் வீட்டில் தெலுங்கு. அப்பாவை நைனா என்பீர்கள். காலையில் நைனா எந்த மூஞ்சியோடு எழுந்திருக்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் வாயைத் திறக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்களாம். அன்றிலிருந்து விலைக்குப் பெயர் நைனா. ஏறினால் எழுந்துகினாரு. இறங்கினால் படுத்துகினாரு. அசையாமல் நின்றால் ஒக்காந்துனு கீறாரு. பேப்பர் போய் ஃபோன் வந்த பிறகும் அதே பாஷைதான். நீ ஷிஃப்ட் மாறி வேறு ரயிலில் வருகிற நாட்களில் உனக்கு மெசேஜ் அனுப்புவேன். 'எழுந்துகினாரு.' 'படுத்துகினாரு.' வேறொருவர் படித்திருந்தால் நம் இருவருக்கும் பொதுவாக ஒரு தகப்பன் இருக்கிறார், அவருக்குத் தீராத வியாதி என்றுதான் நினைத்திருப்பார்.

நீ கேட்ட மாதிரிக் கேள்விகளை வேறு யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஐரோப்பாவில் கடுங்குளிர், விலை ஏறிவிட்டது என்று ஒருநாள் சொன்னேன். "அவன் குளிருக்கு எரிக்கிறான். நான் இங்க வேர்த்துகினே எரிக்கிறேன். ரெண்டு பேருக்கும் ஒரே நைனாவா?" என்றாய். சீனாவில் தொழிற்சாலைகள் திறந்தால் நமக்கு ஏன் விலை கூடுகிறது என்பதை உனக்குப் புரியவைக்க மூன்று நாள் ரயில் பயணம் ஆயிற்று. புரிந்ததும் நீ சிரிக்கவில்லை. வள்ளூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய், அங்கே அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள்தான் பெரிய கேள்வியைக் கேட்டாய்.

"இத்தினி எரிச்சும் உலகத்துக்குப் போதலியாப்பா?"

போதவில்லை என்றேன். வெயிலிலும் காற்றிலும் கரண்ட் எடுக்கிறார்கள், அது கூடிக்கொண்டுதான் போகிறது, ஆனால் எண்ணெயும் கரியும் எரிப்பது குறைந்தபாடில்லை என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வண்டி நிற்கும்போது சொன்னாய்: "கொறைக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. கொறஞ்சா எனக்கு வேல கெடையாது. கொறையலன்னா எம்பொண்ணு காலத்துல வெயிலு தாங்காது. நான் எத்தப்பா வேண்டிக்கறது?"

அந்தக் கேள்வியை நீ பிளாட்பாரத்தில் விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாய். நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். விட முடியாது.

ஊரடங்கு காலம். ரயில் இல்லை, மில் இல்லை. உலை அணைந்து குளிர்ந்து கிடந்தது. உலகம் முழுக்க வண்டிகள் நின்றுபோனதால் எண்ணெயை வாங்க ஆள் இல்லை. அந்த ஏப்ரலில் ஒருநாள் அமெரிக்கச் சந்தையில் விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது. என் வாழ்க்கையில் அப்படி ஒன்றைப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. சும்மா கொடுத்தாலும் ஊற்றிவைக்க நம் டாங்கில் இடமில்லை, ஆனாலும் எனக்கு ஒரு அசட்டுச் சந்தோஷம். அப்போது உன் மெசேஜ் வந்தது.

'நைனா உழுந்துட்டாரு.'

நான் உடனே பதில் போட்டேன். 'பாத்தேன். நல்லா உழுந்துட்டாரு. இன்னும் உழட்டும், நமக்கு நல்லதுதான்.' பக்கத்தில் சிரிக்கிற பொம்மை வேறு.

நீ அதற்கப்புறம் ஒன்றும் எழுதவில்லை. நான் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாங்கைப் பார்த்துவர மில் ஜீப்பும் அதற்கான பாஸும் என்னிடம் இருந்தன. அவை என்னிடம் இருந்ததால்தான் நீ எனக்கு எழுதியிருக்கிறாய். மறுநாள் பால் வாங்கப் போன இடத்தில் உன் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. "மாமா பாத்ரூம்ல உழுந்துட்டாருண்ணா. இடுப்பெலும்பு ஒடஞ்சி போச்சி. வண்டி ஒன்னும் கெடைக்கல, தண்ணி கேன் போடற வண்டியில படுக்கவெச்சி இட்டுகினு போனோம். கொரோனா நேரம்னு கட்டு போட்டு ஊட்டுக்கே அனுப்பிட்டாங்க."

பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே உன் வீட்டுக்கு வந்தேன். நீ முகக்கவசத்தோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாய். ராத்திரி முழுக்கத் தூங்காத கண். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "நைனா எப்படி இருக்காரு?" என்றுதான் வந்தது.

நீ நிமிர்ந்து பார்த்தாய்.

"எந்த நைனா?"

எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு உன் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாய். நான் அழுதேன். உள்ளே கட்டிலில் இருந்த பெரியவர், யாரது காலையிலேயே அழுகிறது என்று தெலுங்கில் அதட்டினார். அவர் அதற்கப்புறம் இரண்டு வருஷம் வாக்கரைத் தள்ளிக்கொண்டு நடந்தார், எல்லோரையும் முன்பு போலவே அதட்டினார். ரயில் ஓட ஆரம்பித்த பிறகு நான் விலை சொல்ல வாயெடுத்தாலே நீ முதலில் "எந்த நைனா?" என்பாய். அதைச் சொல்லிச் சொல்லியே என் குற்றத்தைக் கரைத்துவிடப் பார்த்தாய் என்று இப்போது தோன்றுகிறது. கரையவில்லைப்பா.

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாஷ்டா சாப்பிட்டுவிட்டுக் கைகழுவப் போனவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். இந்தத் தடவை எனக்கு மெசேஜ் வரவில்லை, நேரிலேயே ஆள் வந்தது. அந்த வாரம் என்னிடம் நின்ற மில் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். தேவைப்படவில்லை.

உன் மகள் தீபாவளி கழித்து நம் மில்லில் கம்பியை இழுத்துச் சோதிக்கிற அறையில் சேர்ந்தாள். முகம் அவள் அம்மா, நிற்கிற தோரணை நீ. உன் ஃபோனை, உன் நம்பரோடு அவள்தான் வைத்திருக்கிறாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் இன்று காலை இப்படி ஒரு காரியம் செய்துவிட்டேன்.

கண் விழித்ததும் பல்கூட விளக்காமல் விலையைப் பார்த்தேன். மறுபடியும் ஏறியிருந்தது. சாயந்தரத்துக்குள் அபிப்பிராயம் எழுத வேண்டும். பயத்தில் விரல் தானாகவே போயிற்று. ஃபோனில் உன் பெயர் இன்னும் எல்லோருக்கும் மேலேதான் இருக்கிறது, எடுக்க மனம் வரவில்லை. எழுதி அனுப்பிவிட்டேன்.

'நைனா எழுந்துகினாரு.'

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அவளும் உன்னை நைனா என்றுதான் கூப்பிடுவாள். அழிப்பதற்குள் அவள் படித்துவிட்டதாக நீலக்கோடு விழுந்துவிட்டது. நம் பாஷையை நீ வீட்டில் சொல்லிவைத்திருந்தாயா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கவரைப்பேட்டையில் ரயில் ஏறும்போது அவளிடமிருந்து பதில் வந்தது.

'எந்த நைனா அங்கிள்?'

கும்மிடிப்பூண்டி வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சொல்லிக்கொடுத்துச் சொல்கிறாளா, ஒன்றும் தெரியாமல் கேட்கிறாளா என்று பிடிபடவில்லை. மில்லுக்குப் போனதும் நேரே அவள் அறைக்குத்தான் போனேன். இழுக்கக் கம்பி இல்லாததால் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டுப் பார்த்தேன், அவளுக்கு ஒன்றும் தெரியாது. எல்லாவற்றையும் சொன்னேன், ரயில், பேப்பர், தாத்தா விழுந்த அன்று நான் போட்ட சிரிக்கிற பொம்மை உட்பட. துடைப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"காலைல பாத்ததும் ஒரு நிமிசம் நெசமாவே எழுந்துகினாருன்னே நெனச்சிட்டேன் அங்கிள். அம்மாவக் கூப்ட வாயத் தொறந்துட்டேன்."

"மன்னிச்சுடும்மா."

"பரவால்ல." துணியை மடித்து வைத்தாள். "அடுப்ப அணைச்சிடுவாங்களா?"

"தெரியலம்மா. வெல எறங்கணும்."

"அப்ப எனக்கும் தெரியணும்ல. நாளைக்கும் போடுங்க, நைனாவுக்குப் போடற மாறியே."

மேஜைக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். நீ சின்னத் தீயை எப்போதும் திட்டுவாய். 'சாப்புட ஆள் இல்லாம அடுப்பு எரியுது பாரு' என்பாய். திட்டிக்கொண்டே அதை அணையவிடாமல் பார்த்துக்கொண்டதும் நீதான். இன்னும் பத்து நாள் அணைக்காமல் வைக்கலாம் என்று எழுதினேன். விலை இறங்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது என்பதையும் எழுதினேன். உன் மகளை நினைத்து எழுதுகிறேனா, சந்தையை நினைத்து எழுதுகிறேனா என்று என்னையே கேட்டேன். கையெழுத்துப் போட்டேன். முதலாளி இரண்டு தடவை படித்தார். "பத்து நாள் முடியாது. ஒரு வாரம் பார்க்கலாம்" என்றார்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் உலையருகே போய்ச் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எரிந்துகொண்டிருந்தது.

ஒரு வாரம் இருக்கிறது. அதற்குள் விலை இறங்கியாக வேண்டும். இத்தனை வருஷம் தினமும் கண் விழித்ததும் நான் வேண்டிக்கொண்டது ஒரே ஒரு வரியைத்தான். நாளைக்கும் அதைத்தான் வேண்டிக்கொள்ளப் போகிறேன். ஆனால் அது பலித்துவிட்டால், 'நைனா படுத்துகினாரு' என்று உன் மகளுக்கு நான் எப்படியப்பா எழுதுவேன்? வேறு வார்த்தை ஏதாவது கிடைக்குமா என்று ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். ஒன்றும் அகப்படவில்லை. பெயர் வைத்தவன் நீ, எனக்கு வேறு வார்த்தை தெரியாது.