பேர் வெட்டிய தட்டு

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
11-11-1974

சௌபாக்கியவதி கிருஷ்ணவேணிக்கு அப்பா கோதண்டபாணி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். அங்கே மாப்பிள்ளையும் நீயும் சுகமாகத்தான் இருப்பீர்கள். பாத்திரம் கழுவுகிற மெஷினுக்குத்தான் உடம்பு சரியில்லை என்று உன் கடிதத்தில் தெரிந்துகொண்டோம்.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அம்மாவுக்காக உரக்க. இரண்டாவது தடவை எனக்குப் புரிவதற்காக. மூன்றாவது தடவை, புரியவில்லை என்பதை உறுதிப்படுத்திக்கொள்வதற்காக. நாலு பக்கமும் மெஷின்தான். பொத்தானை அழுத்தினால் உள்ளே தண்ணீர் சுழன்று அடிக்கிறது, ஒரு மணி நேரம் சத்தம் போடுகிறது, திறந்து பார்த்தால் தட்டில் பருக்கை ஒட்டியபடியே இருக்கிறது, அடியில் நாலு விரல் அழுக்குத் தண்ணீர் நிற்கிறது, போகமாட்டேன் என்கிறது என்று எழுதியிருக்கிறாய். என்ன செய்வது என்று என்னைக் கேட்டிருக்கிறாய். வீட்டுக்குள்ளேயே இன்ஜினீயரை வைத்துக்கொண்டு, எட்டாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்த சாயப்பட்டறைக்காரனிடம் யோசனை கேட்ட பெண் உலகத்தில் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். இருந்தாலும் எனக்குப் பெருமைதான். கடிதத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற சிட்டிபாபுவை உனக்கு ஞாபகம் இருக்கும். அவன் மெஷினைப் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. அதனால் இரண்டு பேரும் தைரியமாகப் பேசினோம். கிணற்று மோட்டாரோ அமெரிக்கா மோட்டாரோ, தண்ணீர் வெளியே போகவில்லை என்றால் மூன்றே காரணம்தான் என்கிறான். வாயில் ஏதாவது அடைத்திருக்கும், குழாய் மடங்கியிருக்கும், இல்லையென்றால் மோட்டார் செத்திருக்கும். அடியில் ஒரு சல்லடை இருக்கும், அதைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுண்ணா, ஆனா கரண்டைப் புடுங்கிட்டுப் பாக்கணும், இல்லாங்காட்டி பாப்பா இங்க வந்து என்னைத் திட்டக்கூட முடியாது என்றான். அதனால் முதலில் கரண்ட்டைப் பிடுங்கு.

என் பங்குக்கு நான் சொல்வது சோப்பைப் பற்றி. கதவிடுக்கில் நுரை வழிந்து தரையெல்லாம் ஓடியது என்று எழுதியிருந்தாயே, அது எனக்குப் புரிந்தது. பட்டு நூலை அவிக்கும்போது சோப்பு கூடிவிட்டால் கொப்பரை பொங்கி என் கால்மேல்தான் வழியும். நுரை ஏறினால் தண்ணீருக்கு அடிக்கிற பலம் போய்விடும், அழுக்கு போகாது. நீ கையால் தேய்க்கிற சோப்பை அதில் ஊற்றியிருப்பாய். அந்த மெஷினுக்கென்று தனிப் பவுடர் கடையில் கேட்டு வாங்கு. இப்போதைக்கு நுரை அடங்க நாலு சொட்டு சமையல் எண்ணெய் விடு. தட்டுகளை நெருக்கி வைக்காதே. நூல் கழியை நெருக்கிக் கட்டினால் நடுவில் சாயம் ஏறாது, அதே கதைதான்.

சொல்வதோடு நிற்காமல் சோதனையும் செய்தேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்த சமயம் வீட்டுப் பாத்திரங்களைப் பட்டறைக்கு எடுத்துப்போய், கொப்பரையில் சோடா உப்பு போட்டுக் கொதிக்கவிட்டேன். எவர்சில்வர் பளபளவென்று வந்தது. அலுமினியச் சட்டி கரிச்சட்டியாக வந்தது. உன் மெஷினிலும் அலுமினியம் போடாதே. இந்த ஒரு உண்மையைக் கண்டுபிடித்ததற்கு உன் அம்மா எனக்கு இரண்டு நாள் பேச்சில்லாமல் சோறு போட்டாள்.

பேச ஆரம்பித்ததும் அவள் கேட்டது இது: எச்சில் தட்டையும் சமைத்த சட்டியையும் ஒரே தண்ணீரிலா கழுவுகிறது அந்த மெஷின்? கல்யாணத்துக்குக் கொடுத்தோமே, உன் பேர் வெட்டியது ஒன்றும் மாப்பிள்ளை பேர் வெட்டியது ஒன்றுமாக இரண்டு எவர்சில்வர் தட்டு, அதை எல்லாம் உள்ளே போட்டால் எழுத்து தேய்ந்துவிடாதா? எச்சில் தட்டை ராத்திரி போட்டுவைக்காதே என்று சொல்லி அனுப்பினாளாம், அதை மறக்கவேண்டாமாம். சிட்டிபாபுவும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வைத்தியம் சொல்ல முடியாது என்கிறான். ஆகையால் ஒரு வாரத்துக்கு, எந்தக் கிழமை எதை எதை உள்ளே வைத்தாய் என்று ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பு.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். குளிருக்குக் காதைக் கட்டிக்கொள்.

உன் அப்பா,
கோதண்டபாணி


பிள்ளையார்பாளையம்
16-12-1974

சௌபாக்கியவதி வேணிக்கு அப்பா ஆசீர்வாதம்.

பட்டியல் வந்து சேர்ந்தது. சல்லடையில் புளிக் கோதும் கறிவேப்பிலை நரம்பும் உருண்டையாக அடைத்திருந்தது என்று எழுதியிருக்கிறாய். அந்தப் புளியை ஓட்டோடும் நாரோடும் மூட்டை கட்டி அனுப்பியவன் நான். இனிமேல் கரைத்ததை வடிகட்டிவிட்டுச் சக்கையைக் குப்பையில் போடு. பவுடரை மாற்றியதும் பாத்திரம் சுத்தமாக வருகிறதாம், மகிழ்ச்சி. தண்ணீர் மட்டும் இன்னும் இரண்டு விரல் நிற்கிறது, அப்படித்தானே.

சிட்டிபாபு கடையில் உட்கார்ந்து பட்டியலைப் படித்தோம். படித்தோம் என்றால் அவன் உரக்கப் படித்தான், நானும் கடைக்கு வந்த இரண்டு மூன்று பேரும் கேட்டோம். திங்கள்: வேணி பேர் போட்ட தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று, சோற்றுப் பாத்திரம் ஒன்று. செவ்வாய்: அதே தட்டு, டம்ளர் ஒன்று, குழம்புச் சட்டி ஒன்று. புதன் அப்படியே. வியாழனும் அப்படியே. வெள்ளிக்கிழமை வந்ததும் அவன் நிறுத்திவிட்டு, இன்னாண்ணா, பாப்பா அங்க தனியாவா இருக்குது என்று கேட்டான்.

நான் மாப்பிள்ளைக்கு ஆபீஸில் சாப்பாடு என்று சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை, வாய் முந்திக்கொண்டது. அப்புறம் கடிதத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன். சனியும் ஞாயிறும் வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகூட ஒரு தட்டுதான் வேணி. அங்கே ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் கிடையாது என்று நீதான் முன்பு எழுதினாய்.

ஒருவேளை மாப்பிள்ளை தன் தட்டைத் தானே கையால் கழுவிவிடுகிறாரா? படித்தவர்கள் அப்படிச் செய்வார்கள் என்று கேள்வி. இல்லை, எழுத்து தேய்ந்துவிடும் என்று நீ அதைப் பத்திரமாக மேலே எடுத்து வைத்திருக்கிறாயா? எனக்கே இவ்வளவு காரணம் தோன்றுகிறது, உனக்கு இன்னும் நல்லதாக ஒன்று இருக்கும். அதை எழுது. அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது பட்டியலை விட்டுவிட்டுப் படித்தேன். முப்பது வருஷமாக அவளுக்குக் கடிதம் படித்துக் காட்டுகிறேன், இதுதான் முதல் தடவை.

மெஷின் விஷயம். சல்லடை சரி, நுரை சரி என்றால் மிச்சம் இருப்பது குழாய். பின்பக்கம் சுவரோடு ஒட்டி மடங்கியிருக்கும் என்கிறான் சிட்டிபாபு. மெஷினை முன்னால் இழுத்து, மடிப்பை எடுத்து, குழாயைக் கொஞ்சம் தூக்கிக் கட்டவேண்டும். தனியாக இழுக்காதே, கனமாக இருக்கும். ஒரு பக்கம் மாப்பிள்ளை பிடிக்கட்டும், ஒரு பக்கம் நீ பிடி. அவருக்கு நேரம் இல்லையென்றால் அந்தக் கட்டிடத்து மேனேஜரைக் கூப்பிடு. அவர் பேசுகிற இங்கிலீஷ் புரியவில்லையே என்று கூச்சப்படாதே. தண்ணீர் போகவில்லை என்பதைக் கையால் காட்டினாலும் போதும்.

டிரங்க் கால் போட்டுப் பேசலாமா என்று தபாலாபீஸில் விசாரித்தேன். பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கவேண்டுமாம், கிடைத்தாலும் மூன்று நிமிஷமாம். மூன்று நிமிஷத்தில் என்ன கேட்பது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உன் அப்பா


பிள்ளையார்பாளையம்
20-1-1975

என் மகள் வேணிக்கு,

பொங்கலுக்கு மறுநாள் உன் கடிதம் கிடைத்தது. மெஷின் நன்றாக ஓடுகிறது, ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். சிட்டிபாபுவிடம் சொன்னேன். கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அமெரிக்காவில் ஒரு மெஷினைக் கடிதத்திலேயே சரி செய்தேன் என்று சொல்லிக்கினு இருக்கிறான். பாதிப் பேர் நம்புகிறார்கள்.

எப்படிச் சரி செய்தாய் என்பதையும் எழுதியிருக்கிறாய். மேலே இருந்த இரண்டு திருகாணியைக் கரண்டிக் காம்பால் கழற்றினாயாம். பழைய புடவையை அதன் காலில் கட்டி, தரையில் உட்கார்ந்து, நீயே இழுத்தாயாம். மூன்று நாள் தோள் வலித்ததாம், இப்போது தேவலையாம். கெட்டிக்காரி என்று நினைத்தேன். உடனே வேறொன்றும் நினைத்தேன். மாப்பிள்ளை ஒரு கை பிடித்தார் என்று அதில் எங்கேயும் இல்லை. நான் கேட்டதற்குப் பதிலும் இல்லை. மறந்திருப்பாய் என்று என்னால் நினைக்க முடியவில்லை, நீ எதையும் மறக்கிறவள் இல்லை.

சும்மா இருக்க மனம் கேட்காமல் ஐயம்பேட்டைக்குச் சம்பந்தி வீட்டுக்குப் போனேன். நேரடியாகக் கேட்டுவிடுவது என்று பஸ்ஸில் நாலு வாக்கியம் தயார் செய்துகொண்டேன். அவர்கள் காபி கொடுத்தார்கள். மாப்பிள்ளை உமாபதி புதிதாக வாங்கிய காரின்மேல் சாய்ந்து நிற்கிற போட்டோவைக் காட்டினார்கள். அதில் நீ இல்லை. போட்டோ எடுத்தது மருமகளாகத்தான் இருக்கும் என்று சம்பந்தியம்மாள் சொன்னாள், நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தேன். எதைப் பற்றி என்று கேள். பாத்திரம் கழுவுகிற மெஷினைப் பற்றி. சல்லடை, நுரை, குழாய் எல்லாம் விளக்கினேன். சம்பந்திக்கு ரொம்ப ஆச்சரியம். என் நாலு வாக்கியமும் அதே பஸ்ஸில் திரும்பி வந்தது. உன் அப்பனுடைய சாமர்த்தியம் இவ்வளவுதான் வேணி. நூலில் சாயம் திட்டு விழுந்தால் மறுபடி கொதிக்கவைத்து எடுத்துவிடுவேன். இதை எந்தக் கொப்பரையில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது யோசித்தால் அந்த முதல் கடிதத்திலேயே எனக்கு விளங்கியிருக்கவேண்டும். இன்ஜினீயர் வீட்டில் இருக்கும்போது பெண் ஏன் என்னைக் கேட்கிறாள் என்று சிரித்தேனே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை. நாலு பக்கம் எழுதுகிற அளவுக்கு அங்கே உன்னோடு பேச யாரும் இல்லை என்பதை, பருக்கையையும் அழுக்குத் தண்ணீரையும் பற்றி எழுதித்தான் சொன்னாயோ என்னவோ.

நேற்று அம்மாவிடம் பட்டியலைப் படித்துக் காட்டிவிட்டேன். ஏழு கிழமையும், ஒன்றுவிடாமல். அழுவாள், என்னைத் திட்டுவாள் என்று பயந்தேன். அந்தக் கறுத்த அலுமினியச் சட்டியைத்தான் அப்போது தேய்த்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவே இல்லை. அந்தப் புளிய அனுப்பாத இருந்திருக்கலாம் என்றாள், அவ்வளவுதான்.

இடம் முடிகிறது, மடிக்கிற ஓரத்தில் எழுதுகிறேன். இனி மெஷினைப் பற்றி எழுதவேண்டாம். ஒரு வரி எழுது: இப்போது இரண்டு தட்டா, ஒரு தட்டா. இரண்டு என்றால் மாப்பிள்ளையும் நீயும் சேர்ந்து இந்த அசட்டு அப்பனைப் பார்த்துச் சிரியுங்கள், நான் சந்தோஷமாகச் சிரிப்புக்கு ஆளாகிறேன். ஒன்று என்றால் காரணம் எழுதவேண்டாம், யார் மேல் தப்பு என்றும் எழுதவேண்டாம். தேதி மட்டும் எழுது. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் விடியற்காலையிலிருந்தே வந்து நிற்கிறேன்.

ஒட்டப்போகும்போது அம்மா வந்து, இதையும் எழுது என்கிறாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு தட்டுதானே, அத்த நான் கழுவமாட்டனா, வரச் சொல்லு.

எங்கே இருந்தாலும் நன்றாக இரு, தாயே.

அப்பா