நான் எழுதாமல் விட்ட நாலு பெயர்

மானிப்பாய்
12-8-1938

அன்பு மகன் அருளம்பலத்துக்கு அம்மா எழுதுவது. நீ கொழும்பில் சுகமாயிருக்க மருதடிப் பிள்ளையார் துணை. இங்கத்தைய சுகத்தைச் சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். சென்னை வைத்தியக் கல்லூரிக்குப் போய், பட்டம் பெற்ற டாக்குத்தர்மாருக்கே ஆராய்ச்சி செய்வது எப்படி என்று படிப்பிக்கப் போவதாய் எழுதியிருந்தாய். உன் ஐயா மகனின் பெருமை சொல்லி அந்தக் கடிதத்தைச் சந்தை வரைக்கும் கொண்டுபோய்க் காட்டிப்போட்டார். எங்கள் ஊர்க் கிணறுகளைப் பற்றிய கட்டுரையைத்தான் அவர்களுக்கு வாசிக்கப் போகிறாய் என்ற வரியைக் கண்டபிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

போன மாசியில், எந்தக் கிணற்றில் அள்ளுகிற வீட்டில் யாருக்கு நெருப்புக்காய்ச்சல், நீங்கள் டைபாய்ட் என்கிறது, என்று வீடு வீடாய்க் கேட்டுக் கொப்பியில் எழுதச் சொன்னாய். மேற்குக் கிணற்றில் மூன்று பேர், கோயிலடிக் கிணற்றில் ஒருவருமில்லை என்று அனுப்பினேன். அது பொய், ராசா. கோயிலடியில் நாலு பேர் கிடந்தார்கள், நாலும் கல்யாணம் பேசுகிற பெண்பிள்ளைகள். ஒருத்தியின் தாய் சின்னத்தங்கம் என் கையைப் பிடித்துக்கொண்டு, எழுதிப்போடாதையுங்கோ அக்கா, காய்ச்சலிலை தலைமயிர் கொட்டினவளை ஆர் கட்டுவான் என்று அழுதாள். நாலு பெயர்தானே, விட்டால் என்ன குடிமுழுகிப்போகும் என்று நாலு வீட்டுக்கும் சுகமென்றே எழுதினேன். அதை நம்பி நீ கோயிலடித் தண்ணீர் நல்லது என்று எழுதினாய். நீ டாக்குத்தரல்லவா, டாக்குத்தர் சொல்லிப்போட்டார் என்று ஊர் முழுக்க அங்கேதான் அள்ளியது, காய்ச்சாமலே குடித்தது. நாங்களுந்தான்.

இப்போது பதினேழு வீட்டில் ஆட்கள் பாயில் கிடக்கிறார்கள். அயல்வீட்டுக் கனகாம்பிகையின் புருஷன் செவ்வாய்க்கிழமை மோசம் போய்க் கண்ணை மூடினார். உன் தங்கை குணலட்சுமிக்கு இன்று ஒன்பதாம் நாள், என்னை இன்னாரென்று தெரியாமல் பிதற்றுகிறாள். அவளுக்கும் சம்பந்தம் பேசுகிறோமே, கேட்டவர்களுக்கெல்லாம் வெறும் சளித் தடிமன் என்று சொல்லிக்கொண்டு நிற்கிறேன், என் புத்தியைப் பார். நேற்றுத்தான் ஐயாவிடம் எல்லாம் சொன்னேன். உன்ரை கொப்பியிலை இவளையும் சுகமெண்டு எழுதப் போறியோ என்று கேட்டார்.

சரியான பட்டியலை இதனோடு வைத்திருக்கிறேன், குணலட்சுமி உட்பட ஒருவரையும் விடவில்லை. பழையதைக் கிழித்துப்போடு. கோபமென்றால் என்னைக் கோபி, சென்னையில் உன்னிடம் படிக்க வரும் அந்தப் பிள்ளைகளுக்குப் பொய்யைப் படிப்பித்துவிடாதே. என் அம்மா பொய் எழுதினா என்றே அவர்களுக்குச் சொல்லு.

பிள்ளையார் உன்னைக் கைவிடமாட்டார், உன் கைபட்டவர்கள் எல்லாம் பிழைக்கட்டும். கப்பலில் காற்றுப் படாமல் நெஞ்சை மூடிக்கொள். ஏறுமுன்னம் கிணற்றை மூடச் சொல்லித் தந்தி அடிக்க மறவாதே. காலையில் நானே கிணற்றடியில் நின்று மறித்தேன், டாக்குத்தரை விட உங்களுக்குத் தெரியுமோ என்று சிரித்துவிட்டு அள்ளிக்கொண்டு போகிறார்கள்.

உன் அம்மா
செல்வநாயகி