பதினொரு ஜன்னல்

அன்புள்ள ஹுஸ்னியா,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் புள்ளையும் மாமியும் சுகம்தானே? நான் சுகம், அல்ஹம்துலில்லாஹ்.

மருதமுனையில உங்கட முன்வீட்டு ஓவியர் ஜவுபர், நம்மட கலியாணத்துல என்னோட ஒரே சஹன் தட்டுல சோறு திண்டவரே, அவர் இதுவரைக்கும் வரைஞ்சதெல்லாம் கண்காட்சியா நாடு நாடாச் சுத்தி, இப்ப நான் காவல் நிக்கிற தோஹா மண்டபத்துக்கே வந்திரிக்கி. அதுல பதினொரு படம் நீ சீதனமாக் கொண்டுவந்த வீட்டு ஜன்னல். எல்லாம் கலியாணத்துக்கு முந்தி வரைஞ்சது.

கலியாணமாகி ஏழு வருஷத்துல நான் அந்த வீட்டுல இருந்தது பதினாலு மாசம். அந்த மனிசன் எத்தனை வருஷம் அதைப் பார்த்துக்கிட்டு இருந்திரிக்கார்!

நேத்து, ஜன்னல் நல்லாப் பூட்டியிரிக்கா எண்டு படத்துல கையை வெச்சிட்டன். அலாரம் அடிச்சிட்டு. காவல்காரனே தொட்டுட்டான் எண்டு எல்லாருக்கும் சிரிப்பு. வேலைக்கு ஒண்டுமில்ல, பயப்படாத.

பதினொண்டும் பூட்டித்தான் கிடக்கு. நீ ஒண்டுலயும் இல்ல. எண்டாலும் மனசு கேக்குதில்ல.

இந்தக் கடிதம் கொண்டுவாற நஸீர் திரும்பி வரக்குள்ள மாசிச் சம்பல் குடுத்தனுப்பு. ஜன்னலுக்குத் தடிப்பான திரை போடு. டியூட்டிக்குக் கூப்பிடுறாங்க. திரை போட முந்தி, ஜன்னலைத் திறந்து வெச்சி, நீ அதுல நிண்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பன்னிரண்டாவது எனக்கிட்ட இருக்கட்டும்.

உன்ட மச்சான்
றிஸ்கான்