வேகத்தடையில் ஜெயித்த கார்

சனிக்கிழமை, ராத்திரி

போன்ல வீடியோவா பாத்துக்கினு இருந்த எங்க வீட்டுக்காரர், திண்டிவனம் ஷோரூம் செடானைத்தான் வாங்கறதுன்னு முடிவே பண்ணிட்டாரு. பைபாஸ்ல ரெண்டு பேரா போனா எந்தக் காரும் நல்லாத்தான் போவும். நான் விடலை. ஷோரூம்காரங்க அந்தக் காரை வீட்டுக்கு ஓட்டிக் காட்ட வந்தப்ப, மாமியாரையும் ரெண்டு நாத்தனாரையும் பின்சீட்டுல ஏத்தி, எங்க ஊரு கெடார் வேகத்தடை மேல விடச் சொன்னேன். அடிப்பாகம் கரகரன்னு உரசிச்சு. அவரு மூஞ்சியைப் பாக்கணுமே! அடுத்து வந்த இன்னொரு கம்பெனி காருக்கும் அதே கதிதான்.

கடைசியா விழுப்புரத்துலேர்ந்து இந்த வருஷம் புதுசா மாத்தின மாடல் கார் ஒண்ணு வந்துது. அதே மூணு பேரு, அதே வேகத்தடை. சத்தமே இல்லை.

"சார், எப்போ புக் பண்றீங்க?"ன்னாரு சேல்ஸ்மேன். காலையிலேர்ந்து வந்த சேல்ஸ்மேன் எல்லாரும் எங்க வீட்டுக்காரரைத்தான் கேக்கறாங்க.

"என்னை ஏங்க கேக்கறீங்க? இவளைக் கேளுங்க"ன்னாரு.

நான் உடனே சொல்லிடலை. எல்லாருக்கும் டீ போட்டுக் குடுத்து, நானும் நிதானமா குடிச்சு முடிச்சிட்டுத்தான் இதையே எடுத்துக்கலாம்னு சொன்னேன்.